'6/6' என்று எழுதிவிட்டால் பார்வை சரியென்று ஆகாது

பக்கவாத வார்டுகளையும் தலைக்காயப் பிரிவுகளையும் பொறுப்பேற்று நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

கை கால் பலம், பேச்சு, விழுங்குதல் எல்லாம் கேஸ் ஷீட்டில் விவரமாக ஏறுகின்றன. பார்வைக்கு நேரே மட்டும் '6/6', அதாவது எழுத்துப் பலகையைப் படிப்பதில் குறையில்லை, என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். எழுத்துப் பலகை அளப்பது நடுப்பார்வையின் கூர்மையை மட்டுமே. மூளையின் பின்பகுதி பாதித்து, இரண்டு கண்ணிலும் இடப்பாதி மறைந்தவர்கூடக் கடைசி வரிவரை படித்துவிடலாம். வீட்டுக்குப் போன பிறகு அவர் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். 'கவனமே இல்லை' என்று வீட்டார் கடிந்துகொள்வார்கள்.

டிஸ்சார்ஜுக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறோம். ஒரு மீட்டர் தள்ளி எதிரே உட்காருங்கள். நோயாளி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கட்டும். நான்கு மூலையிலும் ஒன்றோ இரண்டோ விரல் காட்டி எண்ணச் சொல்லுங்கள், மறுகண்ணுக்கும் அப்படியே. பிறகு இரு கண்ணும் திறந்திருக்க, இருபுறமும் ஒரே நேரத்தில் விரலை அசையுங்கள். தனியாகக் காட்டும்போது தெரிந்த விரல், சேர்த்துக் காட்டும்போது தெரியாமல் போனால் கோளாறு கவனத்தில் இருக்கிறது. ஒரு தாளில் 20 செ.மீ. கோடு போட்டு நடுவைக் குறிக்கச் சொல்லுங்கள்; கண் தெரிந்தும் மூளைப் பாதிப்பால் இடப்பக்கத்தைக் கவனிக்காமல் புறக்கணிப்பவரின் குறி பெரும்பாலும் வலப்பக்கம் தள்ளி விழும்.

பாதிப் பார்வை இழப்பையும் இந்தப் புறக்கணிப்பையும் பிரித்தறியாவிட்டால் பயிற்சியே தவறாகிவிடும். பாதிப் பார்வை போனவருக்குக் குறை இருப்பது பெரும்பாலும் புரியும். இருண்ட பக்கத்தின் கடைசி ஓரத்துக்கு ஒரே வீச்சில் கண்ணைக் கொண்டுபோய், அங்கிருந்து வரிசையாகத் தேடிவரப் பழக்குகிறோம். தானாக விட்டால் தெரியும் பக்கத்திலிருந்து சின்னச் சின்ன அடியாகக் கண்ணை நகர்த்துவார். வண்டி வருவதற்குள் கண் அங்கே போய்ச் சேராது.

புறக்கணிப்பு உள்ளவருக்கோ இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே உறைக்காது. 'இடப்பக்கம் பாருங்கள்' என்று நூறு முறை சொன்னாலும் மனதில் நிற்காது. 'நகரம்' என்பதைக் 'கரம்' என்று படிப்பார். அதுவும் ஒரு சொல்தானே, கேட்பவருக்கும் பிழை தெரியாது. பக்கத்தின் இடது ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு போட்டு, அது கண்ணில் பட்ட பிறகே ஒவ்வொரு வரியையும் தொடங்கச் செய்கிறோம். அழைப்பு மணி மட்டும் எப்போதும் வலப்பக்கமே இருக்கட்டும். ஆபத்து வேளையில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இரட்டைப் பார்வைக்கு உடனே ஒரு கண்ணை முழுதாக மூடிவிடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் பக்கவாட்டுப் பார்வை சுருங்குகிறது, ஆழமும் பிடிபடாமல் படியில் கால் தவறுகிறது. முதலில் ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறதா என்று பாருங்கள். மறையவில்லையென்றால் கண்கள் ஒத்துப்போகாதது காரணமல்ல, கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். மறைந்தால், மூக்குக்கண்ணாடியில் இரட்டையாகத் தெரியும் இடத்தில் மட்டும் மங்கலான டேப்பைத் துண்டாக ஒட்டினாலே பலருக்குப் போதும்.

பார்வைப் புலம், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் தெரியும் பரப்பு, தானாக மீள்வது பெரும்பாலும் முதல் 3 மாதங்களில்தான். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்; வார்டில் இருக்கும்போதே எங்களிடம் அனுப்புங்கள். பெரிமெட்ரி (பார்வைப் புலத்தை அளக்கும் சோதனை) முடிவு வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்பதை டிஸ்சார்ஜ் தாளில் எழுத்தாகவே கொடுங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் மறுவாழ்வில் பணிபுரியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்கள் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்கள்)