ஆண்டறிக்கை 2025: ஏழாம் மாதக் கதைகளும் வராத உறுப்பினர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழுவினர், வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அறிக்கை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும், நீல டிக் விழும், அதோடு சரி.

போதிய உறுப்பினர் வரவில்லை என்றால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்தவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம் என்று நம் சங்க விதியில் இருக்கிறது. சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் அப்படித்தான் நடந்தது. இந்த ஆண்டும் அந்த விதியை நம்பித்தான் தேநீருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரியில் பொங்கல் வழக்கம்போல் நடந்தது. ஏப்ரலில் சிங்கப்பூர்த் தமிழ்மொழி விழாவையொட்டிச் சிறுவர் கதை சொல்லும் போட்டி, நடுவர்களுக்கு நன்றி. ஜூன் விடுமுறையில் பிள்ளைகளை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு அழைத்துப் போனோம், மழை. தீபாவளி ஒன்றுகூடலில் முறுக்கு போதவில்லை என்ற புகார் பதிவு செய்யப்பட்டுள்ளது.

இனி ஏழாம் மாதக் கதை மாலைகள். இதைப் பற்றிச் செயற்குழுவிலும் அதைவிட அதிகமாகச் செயற்குழுவுக்கு வெளியிலும் பேசப்பட்டதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 23 சனிக்கிழமை சீனர்களின் ஏழாம் மாதம் பிறந்தது, ஆவிகள் உலவும் என்று அவர்கள் நம்பும் மாதம். புளோக்கைச் சுற்றி ஊதுபத்தி, தகரப் பீப்பாயில் எரியும் காகிதம், திடலில் கெத்தாய் என்னும் பாட்டுக் கச்சேரி மேடை. பிள்ளைகளுக்குப் பேயைத் தவிர வேறு பேச்சே இல்லாத மாதம். அந்த மாதத்துச் சனிக்கிழமை மாலைகளில் மாயமும் இருட்டும் கலந்த கதைகளைத் தமிழில் உட்கார்ந்து படிக்கலாம் என்பதுதான் என் யோசனை. ரத்தம் தெறிக்கும் கதை ஒன்றுகூடப் பட்டியலில் இல்லை. ஒரு கூட்டாளி காணாமல் போயிருப்பான். பெரியவர்கள் எதையோ மறைப்பார்கள். தேடிப் போகிற பிள்ளைக்கு உதவும் மாயம் சும்மா உதவாது, பதிலுக்கு ஏதாவது ஒன்றைக் கேட்கும். இந்த மாதிரிக் கதைகளைத்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் விளக்கணைத்த பிறகும் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் படிக்கிறார்கள். தமிழில் கொடுத்தால் மட்டும் கெட்டுப்போய்விடுவார்களா?

போய்விடுவார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. “நல்ல விஷயம் எவ்வளவோ இருக்க, எதற்கு இந்தப் பேய் பிசாசு?” என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. பிள்ளை ராத்திரி தனியாகக் கழிவறைக்குப் போக மாட்டேன் என்கிறது என்று இன்னொன்று. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்குகிறதே என்றது மூன்றாவது. அதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு என் பதில்: முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கதையை நமக்குச் சொன்னது யார்? பாட்டிதான். புதுமைப்பித்தன் பேய்க்கதை எழுதவில்லையா? நமக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, சிலரைத் தவிர.

முதல் மாலையில் நூல் எதையும் எடுக்காமல் ரெட்ஹில் கதையைச் சொன்னோம். கடற்கரையில் வாள்மீன்கள் பாய்ந்து பாய்ந்து ஆட்களைக் குத்துகின்றன. வாழைத்தண்டுகளை வரிசையாக நட்டு வைத்தால் மீன்களின் மூக்கு அதில் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு பையன் சொல்கிறான். ஊர் பிழைக்கிறது. இவ்வளவு புத்திசாலி வளர்ந்தால் ஆபத்து என்று அரசன் அவனைக் கொல்ல ஆள் அனுப்புகிறான், குன்று ரத்தத்தால் சிவக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தின் பெயராகத் தினமும் காதில் விழும் ஊர்தான். தொடக்கநிலை நான்கில் படிக்கும் ஒரு சிறுமி கையைத் தூக்கி, “அந்தப் பையனுக்குக் கூட்டாளி யாரும் இல்லையா?” என்று கேட்டாள். பெரியவர்கள் யாரும் இதுவரை கேட்காத கேள்வி. மறுநாள் காலையில் அவனை விளையாடக் கூப்பிடப் போன பிள்ளைகளிடம் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? அதையே எழுதச் சொன்னோம். ஒரு பையன் எழுதிய கதையில், கூட்டாளியின் அப்பாதான் அரண்மனைக் காவலர். அவருடைய செருப்பில் சிவப்பு மண் ஒட்டியிருப்பதைப் பிள்ளை பார்த்துவிடுகிறான், யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தமிழில் எழுத வராது என்று அவன் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

இரண்டாவது மாலையில் நடந்ததை எழுதிவைக்க எனக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் செம்பவாங் நேவல் பேசில், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வளர்ந்தவர். 1971-இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. அதற்கு முன்பே வேலை போய்ப் பல குடும்பங்கள் ஊருக்குக் கப்பலேறிவிட்டன. இவருடைய அடுத்த வீட்டுக் கூட்டாளியின் குடும்பமும் ரஜுலா கப்பலில் போயிற்று. போகப்போவது இவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லக்கூடாது என்று அந்தப் பையன் சத்தியம் வாங்கியிருந்தான், ஏனென்றால் மளிகைக் கடைக்காரர் கடன் எழுதிவைக்கும் 555 என்ற சின்னப் புத்தகத்தில் அவர்கள் கணக்கு தீரவில்லை. கப்பல் போன பிறகு கடைக்காரர் இவரைக் கூப்பிட்டு, “எங்கேடா அவன்?” என்று கேட்டாராம். தெரியாது என்றாராம். “அப்புறம்?” என்றன பிள்ளைகள். அப்புறம் ஒன்றுமில்லை, கடிதம்கூட வரவில்லை. ஃபேஸ்புக்கில் தேடலாமே தாத்தா என்றான் ஒருவன். “பேர் மட்டும்தான் தெரியும். அவங்க அப்பாவை நாங்க ‘முதலி’ன்னுதான் கூப்பிடுவோம், இனிஷியல் தெரியாதே” என்றார். அன்றைக்கு நாங்கள் படிக்க வைத்திருந்த கதையைப் படிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இப்படி ஒரு மாலை நடந்திருக்கிறது, பார்க்க வர வேண்டிய உறுப்பினர்களில் பெரும்பாலோர் வரவில்லை. கெத்தாயில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விட்டுவைப்பார்கள். நம் கூட்டத்தில் எல்லா வரிசையும் அப்படித்தான் இருந்தது. கூட்டாளிகள் காணாமல் போகும் கதைகளைப் படிக்க ஆரம்பித்த நேரத்தில் உறுப்பினர்களே காணாமல் போனதைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது 10 பேர் வேண்டும். கடைசி மாலையில், பிள்ளைகளைக் கழித்துவிட்டு எண்ணினால், நம்மால் இன்று ஒரு சங்கம் தொடங்க முடியாது.

கணக்குக்கு வருகிறேன். வரவும் செலவும் ஏறக்குறையச் சமம்; கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு, கவலைப்படும்படி இல்லை. விவரம் பொருளாளர் அம்மாவிடம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 24 வெள்ளி, அதாவது மாதம் 2 வெள்ளி. காப்பிக் கடையில் ஒரு தே தாரிக் அதற்குள் வருமா என்று சந்தேகம். கைத்தொலைபேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ் வந்த பிறகு சில்லறை இல்லை என்ற காரணமும் போய்விட்டது. சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரைப் பொருளாளர் இன்னும் ஒரு 555 புத்தகத்தில்தான் எழுதிவைக்கிறார். அதில் பக்கங்கள் தீர்ந்துகொண்டிருக்கின்றன.

மாயக் கதைத் தொடர் ஒன்றைச் சங்கப் பணத்தில் சென்னையிலிருந்து வரவழைத்தோம், மூன்று பாகம். அதில் இரண்டாம் பாகத்தைக் காணோம். தேசிய நூலகம் 21 நாளில் திருப்பிக் கேட்கும்; நாம் கேட்பதில்லை, அதுதான் வினை. முதல் பாகத்தில் காணாமல் போன தோழி மூன்றாம் பாகத்தில் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறாள், எப்படி வந்தாள் என்று ரெட்ஹில் கதைக்குக் கை தூக்கிய அந்தச் சிறுமி என்னை விடாமல் கேட்கிறாள். புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விடை தெரிந்தும் சொல்லாதவன் தலை சுக்குநூறாகும் என்று வேதாளம் சொன்னதும் தெரியும். இப்போதைக்குத் தலையைப் பணயம் வைக்கிறேன்.

இடம் தந்த வசிப்போர் குழுவுக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், சுண்டல் செய்து வந்த அக்காமார்களுக்கும், ஆலோசனை மட்டும் தந்த பெரியோர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஏழாம் மாதம் ஆகஸ்ட் 13-ஆம் தேதியே தொடங்குகிறது, தேர்வுக்கு நிறைய நாள் இருக்கும். வாழைமரத்துப் பெண்பேயான பொந்தியானாவின் கதையை மலாய்க்கார அண்டைவீட்டார் ஒருவர் வந்து சொல்வதாக இருக்கிறார், ஒருவர் தமிழில் கூடவே சொல்ல வேண்டும். ஆள் தேவை. செயலாளர் பொறுப்புக்கும் இன்று தேர்தல் உண்டு. யாராவது மனமுவந்து முன்வந்தால் சாவியையும் கோப்புகளையும் இன்றே ஒப்படைத்துவிடுவேன். யாரும் வராவிட்டால் என்னையே மறுபடியும் போடப்போகிறீர்கள், எனக்கும் தெரியும். அப்படிப் போடுவதானால் ஏழாம் மாத மாலைகளுக்கு 300 வெள்ளி ஒதுக்கும் தீர்மானத்தையும் சேர்த்தே போடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேசையில் தேநீரும் வடையும் இருக்கும். பொருளாளரின் பேநவ் கியூஆர் குறியீடும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி வைத்திருக்கிறேன், ஒரு புத்தகம் கொள்ளும் அளவுக்கு. போடுகிறவர் பெயர் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்