அப்பத்தாவுக்காக ஓடியாந்த எல்லாருக்கும், பூக்கார அக்காவுக்கும்

அப்பத்தா நேத்து வீட்டுக்கு வந்துட்டாக. ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாக, டிவி சத்தத்த கொறைக்கச் சொல்லி பேரன அதட்டுனாக, அப்புறந்தான் எங்க எல்லாருக்கும் உசுரே வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுல அப்பத்தா மயங்கி விழுந்தது உங்களுக்கெல்லாம் தெரியும், அத முழுசா மறுபடி எழுத இன்னும் கை வரல.

பஸ்ஸ நிப்பாட்டி வச்ச கண்டக்டர் அண்ணே, 108க்கு போன் போட்ட காலேஜ் தம்பிக, சோடா ஒடச்சு குடுத்த கடைக்காரர், ஆஸ்பத்திரிக்கு இட்லி கட்டிக்கிட்டு வந்த பள்ளத்தூர் சொந்தங்க, காரைக்குடி தேவகோட்டைன்னு எங்கெங்கேயோ இருந்து போன் பண்ணி விசாரிச்சவுக, ஒருத்தரையும் மறக்க மாட்டோம்.

ஆனா அந்த பூக்கார அக்காவ பத்தி தனியா சொல்லியே ஆகணும். எல்லாரும் சுத்தி நின்னு விசிறுறாங்க, காத்து வரட்டும் தள்ளுங்கன்னு கத்துறாங்க, அந்த அக்கா மட்டும் அப்பத்தா காதுக்கிட்ட குனிஞ்சு மெதுவா, "ஆச்சி, ஒண்ணுக்கு போகணுமா?"ன்னு கேட்டாக. அப்பத்தா கண்ண தொறந்து தலைய ஆட்டுனாக. அங்க உள்ள கட்டணக் கழிப்பறைக்கு படி ஏறணும், தரையெல்லாம் ஈரம், குத்தவச்சு உக்காரணும், புடிக்க ஒரு கம்பி கெடையாது, முட்டி வலிக்காரங்க எப்படி போவாக? அந்த அக்கா பக்கத்து லாட்ஜுல பேசி கீழ்த்தள ரூம தொறக்க வச்சு, தோள்ல சாச்சு கூட்டிட்டு போயி, கதவுக்கு வெளிய நின்னு, சேலைய சரிபண்ணி, கால கழுவி விட்டு, ஆம்புலன்ஸ்ல ஏத்துற வரைக்கும் கைய விடல. சாயங்கால நேரம், பூ விக்கிற நேரமே அதுதான், கூடை அப்படியே கெடந்துச்சு. பணம் குடுக்கப் போனா வாங்கல, ஆச்சி நல்லா வரட்டும்னு மட்டும் சொன்னாக.

ஆஸ்பத்திரில டாக்டர் ஒடம்புல தண்ணியே இல்லன்னு சொன்னப்பதான் அப்பத்தா வாய தொறந்தாக. மறுநா பஸ் ஏறணும்னா முந்துன ராத்திரியே தண்ணிய நிப்பாட்டிருவாகளாம். "குடிச்சா எங்கடா போறது?"ன்னு கேட்டாக. விசாரிச்சா பக்கத்து வீட்டு ஆச்சியும் அப்படித்தான், எதுத்த வீட்டு ஆச்சியும் அப்படித்தான். 2021ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு இல்லைங்கவும், யார் கையையும் எதிர்பார்க்காம குன்றக்குடி பிள்ளையார்பட்டின்னு போயிட்டு வர்றாக, அது அவுகளுக்கு எவ்வளவு பெரிய சந்தோசம்! அதுக்கு வெலையா நாள் பூரா நாக்கு வறண்டு கெடக்குறாகளேன்னு நெனச்சா எனக்கு தாங்கல. இனிமே கார்ல கூட்டிட்டு போங்கன்னு சிலர் அக்கறையா சொன்னீங்க, ஆனா அப்பத்தாவுக்கு பஸ்தான் வேணுமாம், அவுக வேணும்னு கேக்குறது நியாயந்தானே. வழியில போறவுக உக்காந்து எந்திரிக்கட்டும்னு தெருவ பாத்து திண்ணை வச்சு வீடு கட்டுன ஊரு நம்ம ஊரு.

வயசானவுக சிரமமில்லாம ஏறி எறங்க என்ன வேணும்னு சிவில் இன்ஜினியரிங் படிச்ச அத்தை மகன்கிட்ட கேட்டேன். ஒரு அடி உயரம் ஏற சாய்தளம் 12 அடி நீளமாச்சும் இருக்கணுமாம். சாதாரண பஸ்ஸுக்கு உள்தரை கிட்டத்தட்ட 900 மில்லிமீட்டர் உயரம், தாழ்தள பஸ்ஸுக்கு 400தான்னு சொன்னான். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே பஸ் ஸ்டாண்டு, ரயில் ஸ்டேஷன்ல கழிப்பறை முதக்கொண்டு எல்லாரும் பொழங்குற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. பஸ்ஸ மாத்துறது என் கையில இல்ல, ஆனா ஒரு வெஸ்டர்ன் டாய்லெட், ரெண்டு பக்கமும் புடிக்க கம்பி, வாசல்ல சாய்தளம், முதுகு சாய்ற பெஞ்சு நாலு, இதுக்கு அலையலாம்ல. அலைவேன், முடியிற வரைக்கும் விட மாட்டேன்.

மனு எழுதியாச்சு, அப்பத்தாதான் முதல் கையெழுத்து. அனுமதி கெடச்சா கம்பிக்கும் பெஞ்சுக்கும் ஆகுற செலவு எங்க வீட்டோடது. பட்டறை வச்சிருக்கவுக, பிளம்பிங் தெரிஞ்சவுக கூட வாங்க. உங்க வீட்டு ஆச்சிககிட்டயும் ஐயாக்ககிட்டயும் எந்த எடத்துல ஏற முடியல, எங்க உக்கார முடியலன்னு கேட்டு எழுதி அனுப்புங்க, மனுவோட சேத்து குடுக்குறேன்.

பூக்கார அக்கா, வர்ற வெள்ளிக்கிழம அப்பத்தாவே ஒங்கள பாக்க வர்றாகளாம், கடையில இருங்க.