கோட்டையைக் கொஞ்சம் இருட்டில் விடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் மட்டக்களப்பின் இரவுப் படங்கள் ஐந்து வந்திருந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எடுத்தவை என்று பார்த்ததும் சந்தோஷம். ஆனால் கூடவே வந்த குறிப்பு, பழைய கட்டிடங்களுக்கு இன்னும் பிரகாசமான லைட்டுகளைப் போட்டால் உல்லாசப் பயணிகள் தேடி வருவார்கள் என்று முடிந்திருந்தது. முப்பது வருடம் இந்த ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தவனுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அந்த ஐந்து படத்திலும் வெளிச்சம் தேவைக்கு மேலேயே இருந்தது. இருட்டைத்தான் காணவில்லை.

கோட்டைப் படத்தையே எடுத்துப் பாருங்கள். லைட்டுக்குக் கிட்ட இருக்கும் சுவர் நேற்றுச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாக எரிந்து கிடக்கிறது. பத்தடி தள்ளினால் மை. நம் கண் வெளிச்சம், இருட்டு இரண்டையும் சமாளித்துப் பார்த்துவிடும், கமராவுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட்டுவிடும். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பறித்துக்கொண்ட சுவர் அது. அதன் அழகே கல்லின் மேடு பள்ளந்தான். நேர் முன்னால் நின்று வெள்ளை லைட்டை அடித்தால் அந்த மேடு பள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். அடியிலே, ஒரு பக்கமாக, மஞ்சள் சாயலில் சின்ன விளக்கு ஒன்று போதும், ஒவ்வொரு கல்லும் தன் நிழலோடு எழும்பி நிற்கும். கலியாண வீட்டில் மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்கக்கூடாது என்று எனக்கு வேலை பழக்கியவர் சொல்லித் தந்த அதே பாடம்தான்.

அடுத்தது நேரம். இரவுப் படம் என்றால் நடு இரவில் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். சூரியன் விழுந்த பிறகு வானம் கரு நீலமாக நிற்கும் கொஞ்ச நேரந்தான் கட்டிடத்துக்கு உகந்தது. அப்போது தெரு விளக்கும் வானமும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும், கூரையின் விளிம்பு வானத்தில் வெட்டி ஒட்டினாற்போலத் தெரியும். ஐரோப்பாவில் கோடையில் இந்த நீலம் ஒரு மணித்தியாலம்கூட இழுபடுமாம். பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கும் நமக்குச் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஆவணியில் ஆறரை மணியளவில் தயாராக நிற்கவேண்டும். கார்த்திகையில் ஆறு மணிக்கே பிந்திவிடும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் நாளில் மட்டக்களப்பு வாவி சுருங்கிச் சுருங்கி ஆடும், கட்டிடத்தின் நிழல் நீரில் விழாது. காற்று அடங்கும் விடியற்புறம்தான் அந்த நாட்களுக்குச் சரி.

ஒரு தடவை கல்லடிப் பழைய பாலத்தை எடுக்கப் போனேன். 1924இல் திறந்து, ஆளுநர் மெனிங்கின் மனைவி பேர் வைத்த பாலம். பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலத்தின் ஓரத்தில் ட்ரைபொட்டை, அதுதான் கமரா நிறுத்தும் முக்காலியை, நிறுத்தி, ஷட்டரை இருபது விநாடிக்குத் திறந்துவிட்டேன். படத்தைப் பார்த்தால் இரும்புச் சட்டம் ஒவ்வொன்றும் இரண்டு இரண்டாகத் தெரிகிறது. என்ன பிழை என்று லென்ஸைத் துடைத்தேன், மறுபடி எடுத்தேன், அதே கதை. மூன்றாவது தடவைதான் விளங்கியது, பின்னால் பஸ் போகும்போதெல்லாம் காலுக்குக் கீழே பாலம் நடுங்குகிறது! கீழே இறங்கி வாவிக் கரையில் போய் நிற்பதற்குள் வானம் கறுத்துவிட்டது. அன்று கிடைத்த நல்ல படம் ஒன்றே ஒன்று, அதில் ஒரு தோணியின் லாம்பு நீரில் இழுத்த கோணல் கோடும் இருக்கிறது. அதை நான் கேட்டு எடுக்கவில்லை.

மருமகனின் போனிலும் 'நைட் மோட்' இருக்கிறது. "மாமா, பாருங்க, பகல் மாதிரி இருக்கு" என்று பெருமையாகக் காட்டினான். பல படத்தை அடுக்கி ஒன்றாக்கி, இருட்டை எல்லாம் வழித்து எடுத்துவிடுகிறது அது. பகல் மாதிரிப் படம் வேண்டுமென்றால் பகலில் போயிருக்கலாமே மகன் என்றேன். கோபித்துக்கொண்டான்.

இதைவிட எரிச்சல் ஒன்று உண்டு. நகரில் ஒரு பழைய கட்டிடத்தின் முன்னால், தெருவோரத்தில்தான், ட்ரைபொட்டை விரித்தேன். காவலாளி ஓடி வந்தார். "ஐயா, கால் வச்ச கமரா கூடாது. போனில எடுக்கலாம், பரவாயில்ல." யாரிடம் அனுமதி எடுக்கவேண்டும் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லி என்ன, சொல்லிக்கொடுத்த வசனத்தைத்தான் சொல்கிறார். என் பக்கத்திலேயே நாலு பேர் அதே கட்டிடத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

அந்த நேரம் எனக்குப் பழைய ஞாபகம் வந்தது. யுத்த காலத்தில் பொழுது பட்ட பிறகு கமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கும் துணிவு யாருக்கு இருந்தது? என் பெட்டியில் அந்த வருடங்களின் கலியாணம், சாமத்தியச் சடங்கு, அடையாள அட்டைப் படம் என்று நெகட்டிவ் குவிந்து கிடக்கிறது. நகரின் நடுவான புளியந்தீவின் இரவு ஒன்றுகூட இல்லை.

ஆகவே விளக்குப் போடும் அதிகாரம் உள்ளவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். கோட்டைக்கோ பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்கோ லைட் போடுவதாக இருந்தால், கம்பத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு மாலை படம் எடுக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போய் நின்று பாருங்கள். ட்ரைபொட்டுக்கு ஒரு விதி வைப்பதானால் அதை எழுதி வாசலில் தொங்கவிடுங்கள்.

வாவிக் கரையில் எடுத்த அந்தத் தோணிப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். பிரசுரிப்பதாக இருந்தால் தயவுசெய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்டூடியோவை மூடிய ஒரு படக்காரன்,
அமிர்தகழி, மட்டக்களப்பு.