நார்வே கணக்கு இங்கே செல்லாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை வாகன இணைப்பில், "நார்வேயில் பத்தில் ஒன்பது புதுக் கார்கள் மின்சாரக் கார்கள், நாமும் மாறினால் கார்ப் புகை பூஜ்யம்" என்று எழுதியிருந்தீர்கள். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை எழுதியவர், பிளக் பாயிண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததில்லை போலும். நார்வேயில் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரிலிருந்து வருகிறது. நமக்கோ ஒடிசாவின் தால்ச்சர் நிலக்கரி பாராதீப்பில் கப்பலேறி எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் வந்து இறங்குகிறது. உங்களுக்குத் தெரியாததா? கையிருப்பு குறைந்தால் முதல் பக்கத்தில் போடுவதே நீங்கள்தானே.

துணைமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்குதான். நடுத்தர மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓட 15 யூனிட் என்று வைத்தால் பத்தரை கிலோ. கம்பியில் வீணாவதையும் சேர்த்தால் பன்னிரண்டு கிலோ பக்கம் வரும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 15 கிலோவுக்கு மேல் விடும். ஆக, மின்சாரக் கார் தேவலாம். பூஜ்யம் மட்டும் இல்லை. பேட்டரி செய்யும்போது வரும் புகையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

என் மருமகன் அப்படி ஒரு கார் வாங்கியிருக்கிறார். விற்ற பையன் "ஜீரோ எமிஷன் சார்" என்றானாம். வேலை முடிந்து வந்து இரவு பத்து மணிக்குச் சார்ஜில் போடுகிறார். அந்த நேரத்தில் சூரியன் ஏது? ஜூலை என்றால் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் ராத்திரியும் கை கொடுக்கும். சீசன் முடிந்த டிசம்பரில் கூடங்குளம் போக மிச்சத்தில் பெரும்பகுதி அனல் மின்சாரம்தான், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் சேர்த்து. அதே கார், அதே பிளக், ஆனால் மாதத்துக்கு ஒரு புகைக் கணக்கு. இதை எழுத உங்கள் இணைப்பில் இடமில்லை. சீட் கவர் நிறத்துக்கு அரைப் பக்கம் இருக்கிறது.

காற்று நன்றாக அடிக்கும்போதே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி மேலிருந்து போன் வரும். லோடு இல்லை, அதாவது அவ்வளவு மின்சாரத்துக்குத் தேவை இல்லை என்பார்கள். அனல் நிலையத்தை நினைத்த மாத்திரத்தில் அணைக்க முடியாதே, ஆகவே ஓசியில் கிடைக்கும் காற்றுக்குத்தான் விடுமுறை. இதைப் பற்றி நான் முன்பு விரிவாக எழுதினேன். நீங்கள் வெட்டி, "காற்றாலைகளைப் பராமரிக்க வேண்டும்" என்று ஒரே வரியில் போட்டீர்கள். நான் சொல்லவே இல்லாத வரி அது. 2012இல் எங்கள் பக்கம் பகலிரவாக மின்வெட்டு. ஊர்க்காரர்கள் என் முகத்தில்தான் கேட்டார்கள். பிறகு திடீரென்று மின்மிகை மாநிலம் என்று தலைப்புப் போட்டீர்கள். 2021இல் மின்தடைக்கு அணில் மீது பழி விழுந்தபோது ஒரு வாரம் கார்ட்டூன் வந்தது, கம்பியோரக் கிளையை வெட்ட ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சந்தா கட்டி வாசித்தேன்.

மின்சாரக் கார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒருவர் "எல்லாம் நிலக்கரிக் கார், பெட்ரோலைவிட மோசம்" என்று பேசிக்கொண்டு திரிகிறார். அவருக்கும் இதே கணக்கைத்தான் காட்டினேன். வெயில் நேரத்தில் கட்டணத்தைக் குறைத்து, உச்ச நேரத்தில் கூட்ட வேண்டும் என்று மத்திய அரசின் விதி 2023இலேயே வந்துவிட்டது. எங்கள் வீட்டு மீட்டருக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. நேரத்துக்கு ஏற்ற அந்தக் கட்டணம் வீட்டுக்கும் வந்து, அலுவலக வளாகங்களில் பகலில் சார்ஜ் போட வசதியும் செய்தால், மருமகன் காரின் புகை தானே குறையும்.

நான் கேட்பது சின்ன விஷயம். வாகன இணைப்பில் கார் விலைப் பட்டியல் போடுகிறீர்களே, அதில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று ஒரு கட்டம் சேருங்கள். கீழே 0.7 என்ற எண்ணைப் போட்டால் மீதியை வாசகர்கள் பெருக்கிக்கொள்வார்கள். இடம் போதாவிட்டால் நார்வே படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் ஊழியர்,
பாளையங்கோட்டை