மூன்று நியமன எம்.எல்.ஏ.க்களின் வாக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கோரிக்கையில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் சட்டப்பேரவை பலமுறை தீர்மானம் போட்டு அனுப்பியும் டெல்லி அசையவில்லை. ஆனால் மாநில அந்தஸ்து வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு விஷயத்தைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டது. நியமன எம்.எல்.ஏ.க்களின் வாக்குரிமையைத்தான் சொல்கிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரம். எங்கள் பேரவையில் மக்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 30 பேர். புதுச்சேரிப் பகுதிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேவுக்கு 1, ஏனாமுக்கு 1. இதற்கு மேல் 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். அரசு ஊழியராக இருக்கக் கூடாது என்பதைத் தவிர அவர்களுக்கென்று தனித் தகுதி எதையும் அது கேட்கவில்லை. மாஹேவும் ஏனாமும் சேர்ந்து அனுப்புவது இரண்டு பேரை. ஒரு வாக்குகூட வாங்காமல் வந்து உட்காருபவர்கள் மூன்று பேர்.

உட்காரட்டும், பேசட்டும், குழுக்களில் வேலை செய்யட்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஓர் அரசு இருக்கலாமா, போகலாமா என்பதை அவர்கள் தீர்மானிப்பதுதான் பொறுக்கவில்லை.

2021 பிப்ரவரி 22 நினைவிருக்கும். அன்று முதல்வர் நாராயணசாமியின் காங்கிரஸ் அரசு பேரவையில் நம்பிக்கை கோரியது. அடுத்தடுத்த ராஜினாமாக்களால் பேரவையின் பலம் 26 ஆகக் குறைந்திருந்தது. நாராயணசாமி அரசின் பக்கம் சபாநாயகரையும் சேர்த்து 12 பேர். எதிரே 14 பேர். அந்த 14இல் மூவர் நியமன உறுப்பினர்கள். அவர்களைக் கழித்துவிட்டுப் பாருங்கள்: 12க்கு 11. சபாநாயகர் சமநிலை வந்தால் மட்டுமே வாக்களிப்பார் என்பதால் 11க்கு 11, முடிவு அவர் கையில். அன்றைக்கு ஆளுங்கட்சியினர் வெளிநடப்பு செய்தார்கள், நம்பிக்கைத் தீர்மானம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது, அரசு போனது. கட்சியை விட்டு விலகியவர்கள்தான் முதல் காரணம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த அரசின் மீது எனக்கே ஆயிரம் குறைகள் உண்டு. ஆனாலும் மக்கள் அனுப்பியவர்களை மட்டும் எண்ணியிருந்தால் கணக்கு வேறு மாதிரி நின்றிருக்கும்.

அடுத்து வந்த தேர்தலில் பா.ஜ.க. 6 இடங்களில் வென்றது. 2021 மே 7 அன்று அதன் கூட்டணிக் கட்சியான என்.ஆர். காங்கிரஸின் ரங்கசாமி முதல்வராகப் பதவியேற்றார். மூன்றே நாளில், அவர் கொரோனாவோடு மருத்துவமனையில் இருந்த நேரத்தில், மூன்று நியமன உறுப்பினர்கள் அறிவிக்கப்பட்டார்கள். மூவருமே பா.ஜ.க.வினர். 6 என்பது 9 ஆனது. முதல்வரின் கட்சிக்கு இருந்தது 10. நாளை மத்தியில் வேறு கட்சி வந்தாலும் இதையே செய்ய முடியும். அதனால் இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6 அன்று தீர்ப்புச் சொல்லிவிட்டதே என்பார்கள். சரிதான். புதுச்சேரி அரசைக் கேட்காமலே மத்திய அரசு நியமிக்கலாம், நியமன உறுப்பினர்கள் பட்ஜெட்டிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் வாக்களிக்கலாம் என்றது நீதிமன்றம். இரு வகை உறுப்பினர்களுக்கும் இடையே சட்டம் வித்தியாசம் காட்டவில்லை என்பதே அடிப்படை. அப்படியானால் அந்த வித்தியாசத்தைச் சட்டத்தில்தானே எழுத வேண்டும்?

வேறு இடங்களில் அதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலில் எங்கள் நியமன எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்கு கிடையாது. புதுச்சேரியின் ஒரே மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதிலும் கிடையாது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே. ஓர் எம்.பி.யை அனுப்பும் உரிமை இல்லாதவருக்கு ஓர் அரசையே இறக்கும் உரிமை எப்படி வந்தது? இதற்கு இதுவரை யாரும் எனக்கு நியாயமான பதில் சொன்னதில்லை. மாநிலங்களவையிலும் 12 நியமன உறுப்பினர்கள் இருக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறார்கள். ஆனால் பிரதமரின் பதவி அந்த அவையின் நம்பிக்கையில் நிற்கவில்லை. டெல்லி சட்டப்பேரவையின் 70 உறுப்பினர்களில் நியமனம் ஒருவர்கூட இல்லை.

துணைநிலை ஆளுநரின் அதிகாரமே எங்களுக்குப் போதுமான சுமை. மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ளவற்றுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் பேரவைக்கு உண்டு. ஆனால் அமைச்சரவையோடு கருத்து வேறுபட்டால் விவகாரத்தை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். அவசரம் என்று கருதினால் முடிவு வரும்வரை தாமே உத்தரவு போடலாம். மேலிருந்து இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, அவைக்குள்ளேயும் மூன்று வாக்குகள் எதற்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேரலாமா என்ற கேள்வி 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூர் பக்கத்தில் உள்ள கீழூரில் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்த 178 பேரும் அன்றைய பிரதிநிதித்துவ சபையிலும் கொம்யூன்கள் எனப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளிலும் மக்கள் பிரதிநிதிகளாக இருந்தவர்கள். 170 பேர் ஆம் என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள். 1963 ஜூலை 1 அன்று சட்டப்பேரவையாக மாறியதும் 39 பேர் கொண்ட அந்தப் பிரதிநிதித்துவ சபைதான். எந்த நாட்டோடு இருப்பது என்ற அவ்வளவு பெரிய விஷயத்தையே மக்கள் பிரதிநிதிகளிடம் விட்ட மண் இது. சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாளான ஆகஸ்ட் 16 தோறும் கீழூரில் மரியாதை செலுத்தும் தலைவர்கள் அந்த 178 பேரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாநில அந்தஸ்துக்கு டெல்லி பெரிய முடிவு எடுக்க வேண்டும். இதற்கு அப்படி இல்லை. பேரவை முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டதாகவும் இருக்கலாம், பகுதி நியமனமாகவும் இருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 239ஏ பிரிவு இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது. 1963 சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மையே போதும். நியமனத்தை ஒழிக்க மனமில்லை என்றால், நம்பிக்கை வாக்கெடுப்பிலும் நிதி மசோதாக்களிலும் நியமன உறுப்பினர்கள் வாக்களிக்கக் கூடாது என்று ஒரு வாக்கியத்தையாவது சேர்க்கலாம். புதுச்சேரியின் இரண்டு எம்.பி.க்களும் தனிநபர் மசோதாவாக இதைக் கொண்டுவர வேண்டும். தமிழகத்து எம்.பி.க்கள் துணை நிற்க வேண்டும். உங்கள் இதழ் அவர்களிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை வெளியிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
காரைக்கால் வாசகர்