மோட்டாரைத் தள்ளி வை, முரளி

ஓசூர்

அன்புள்ள முரளிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் தங்கையும் குழந்தையும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முந்தைய கடிதங்களுக்கு நான் ஏன் பதில் போடவில்லை என்று நீ திட்டியதாகவும், நான் வழக்கமான சாக்குகளைச் சொல்லி முடித்ததாகவும் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருவோம். நீ டிராக்ஸாஸ் டி.ஆர்.எக்ஸ்-4 என்ற, பாறை ஏறும் ரிமோட் பொம்மை வண்டியை வாங்கிவிட்டாய், அதுவும் லேண்ட் ரோவர் டிஃபெண்டர் பாடியோடு, என்று குண்டன் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு நீ அனுப்பிய பட்டியல் வந்தது. வண்டியின் விலையைவிட அதில் மாட்டப்போகும் சாமான்களின் விலை கூடுதலாக இருந்ததைப் பார்த்ததும் வாங்கியது நீதான் என்று நம்பிவிட்டேன்.

பட்டியலை இரண்டு இரவு படித்தேன். முதல் வரியிலேயே பிரஷ்லெஸ் மோட்டார், அடுத்து அதற்கு மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, பிறகு கயிற்றால் வண்டியை இழுக்கும் வின்ச், கூரைக்கு விளக்கு வரிசை, குட்டி ஜெர்ரி கேன்கள். டயருக்கு நேராக "பிறகு பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ பட்டியலிலேயே இல்லை. வாத்தியார் இதைப் பார்த்திருந்தால் உன்னை மறுபடியும் வைவாவுக்குக் கூப்பிட்டிருப்பார். என் கருத்து இதுதான்: அந்தப் பட்டியலை அப்படியே தலைகீழாகத் திருப்பி, கடைசியிலிருந்து வாங்கத் தொடங்கு. பாறை ஏறும் வண்டியை ஏற்றுவது டயரும் எடையும் திருப்பும் பலமும்தான். மோட்டார், முன்சக்கரம் பாறையைப் பற்றிய பிறகு வேலைக்கு வரும் ஆள்.

நீ வாங்கிய வண்டி நல்ல வண்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2017இல் அது வந்தபோதே ரிமோட்டிலிருந்து டிஃப் பூட்டுகளை, அதாவது இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைக்கும் பூட்டுகளைப் போடவும் எடுக்கவும் முடிந்தது, இரண்டு வேக கியர்பாக்ஸ் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாகப் போர்ட்டல் ஆக்சில் இருந்தது. சக்கரத்துக்கு அருகிலேயே ஒரு ஜோடி கியர் இருப்பதால் ஆக்சில் கூடு தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது. வேகக் குறைப்பின் ஒரு பகுதி அங்கே நடப்பதால் நடுவிலுள்ள தண்டுகளின் மீது விழும் முறுக்கும் குறைகிறது. என் பழைய ஆக்சியல் எஸ்.சி.எக்ஸ்10 இரண்டாம் பதிப்பில் அந்த வசதி இல்லாததால், ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் வண்டி ஒரு பக்கமாகத் தோளைச் சாய்க்கும். உனக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் டிஃபெண்டர் பாடி உயரமானது, கனமானது. கூரைக் கேரியரும் பின்கதவில் தொங்கும் உபரிச் சக்கரமும் சேர்ந்து வண்டியைத் தலைக்கனம் பிடித்ததாக ஆக்கிவிடுகின்றன. பைசா செலவில்லாத முதல் மேம்பாடு, அவை இரண்டையும் கழற்றி அலமாரியில் வைப்பது. நீயோ அதே கூரையில் விளக்கு வரிசையையும் ஜெர்ரி கேனையும் ஏற்றத் திட்டமிட்டிருக்கிறாய். புகைப்படம் எடுக்க மட்டும்தான் வண்டி என்றால் சொல்லிவிடு, இந்தக் கடிதத்தை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

டயரைப் பற்றிச் சொல்கிறேன். வண்டியோடு வரும் டயர்கள் ரிம்மோடு பசை போட்டு ஒட்டப்பட்டவை. உள்ளே இருக்கும் ஃபோமை மாற்ற வேண்டுமென்றால் ஒட்டைப் பிரிக்க வேண்டும். ஆகவே முதலில் 1.9 அங்குல பீட்லாக் ரிம்கள் வாங்கு. பசையே இல்லாமல், ஒரு வளையத்தைத் திருகுகளால் இறுக்கி டயரின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் வகை அது. திருகுகளை முடுக்குவதற்குள் பொறுமை போய்விடும் என்பது உண்மைதான், ஆனால் அதன் பிறகு டயரும் ஃபோமும் உன் கையில். மென்மையான ரப்பரில் வரும் டயராகப் பார்த்து வாங்கு. புரோ-லைன் நிறுவனத்தின் ஹைராக்ஸை நான் ஓட்டுகிறேன், குறையில்லை. உள்ளே உறுதியாகவும் வெளியே மென்மையாகவும் இரண்டு அடுக்கில் வரும் ஃபோம் போட்டால், டயர் பாறையின் விளிம்பில் மடிந்து உட்காரும், பக்கவாட்டுச் சரிவில் பிதுங்கி வண்டியைக் கவிழ்க்கவும் செய்யாது. ரிம்மில் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள். காற்று வெளியேற வழியில்லாத டயர் மடியாது, துள்ளும். டென்வர் குளிரில் ரப்பர் இறுகும் என்பதால் உனக்கு இந்த மென்மை எங்களைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். யூட்டாவிலுள்ள மோவாபின் மணற்பாறையில் எந்த டயரும் ஒட்டும் என்று எழுதியிருந்தாய், சரி. ஆனால் உன் வீட்டுக்கு மேற்கே மலையில் இருப்பதும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருப்பதும் கிரானைட். அதன் மீது கொஞ்சம் தூசி படிந்திருந்தால் போதும், கெட்டி டயர் சுற்றிக்கொண்டே நிற்கும்.

அடுத்தது எடை. இதை நீ அலட்சியப்படுத்துவாய் என்று தெரியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வண்டி செங்குத்தான பாறையில் நிற்கும்போது அதன் எடைமையத்திலிருந்து கீழே இழுக்கும் கோடு பின்சக்கரத்தைத் தாண்டி வெளியே போனால் பின்புறமாகக் குப்புறும். மோட்டாருக்கு எவ்வளவு சக்தி இருந்தாலும் குப்புறுவது இன்னும் வேகமாக நடக்குமே தவிர நிற்காது. எடைமையம் தாழ்வாகவும் முன்னாலும் இருக்க வேண்டும். முன்னால் அறுபது, பின்னால் நாற்பது என்ற விகிதம் ஓட்டுபவர்கள் பலரும் வந்து சேரும் இடம். தங்கையின் சமையலறைத் தராசைக் கேட்டு வாங்கி, முன்சக்கரங்களை அதன் மீதும் பின்சக்கரங்களை அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களின் மீதும் வைத்து முன்பக்க எடையைக் குறித்துக்கொள், பிறகு திருப்பி வைத்துப் பின்பக்கத்தைப் பார். பேட்டரியை முன்னால் நகர்த்தி வைத்தாலே எண் மாறுவதைக் காண்பாய். மீதிக் குறைக்குப் பித்தளை. ஸ்பிரிங்குக்கு மேலே, சேசிஸில் ஏற்றும் எடை சரிவில் சாய்ந்து உன்னையே தள்ளும். முன்சக்கரம் திரும்பும் முட்டான நக்கிளிலும் போர்ட்டல் மூடியிலும் சக்கரத்துக்குள்ளும் ஏற்றும் எடை கீழேயே கிடக்கும்.

இங்கே என் எக்களிப்பைக் கொஞ்சம் பொறுத்துக்கொள். பித்தளைச் சாமான்களுக்கு நீ டாலரில் கொடுக்கும் விலையைப் பார்த்துவிட்டு, சிப்காட் பக்கம் இருக்கும் நம் லேத் அண்ணாச்சியிடம் போனேன். நாற்பது மில்லிமீட்டர் பித்தளைத் தண்டிலிருந்து பத்து மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகள் அறுத்து, நடுவில் துளை போட்டு, பின்புறம் சக்கரத்தைப் பிடிக்கும் பன்னிரண்டு மில்லிமீட்டர் அறுகோணத்துக்குப் பள்ளம் எடுத்துக் கொடுத்தார். அவர் டூலை மெல்லத் தொடும்போது பித்தளை இரும்பைப் போலச் சுருளாக வராமல் பொன்னிறப் பொடியாகத் தெறித்துக் கையிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் தொண்ணூறு கிராமுக்கு வந்தது. அதே அளவை அலுமினியத்தில் செய்தால் முப்பதுகூடத் தேறாது. "இது எந்த மெஷினுக்குத் தம்பி?" என்று கேட்டார். பொம்மைக் காருக்கு என்று சொல்ல நா எழவில்லை, ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டேன். உனக்கும் ஒரு ஜோடி சொல்லிவைத்திருக்கிறேன். முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்னால் மாட்டி என் மானத்தை வாங்காதே.

இப்போது நீ பட்டியலில் சேர்க்கவே இல்லாத சர்வோ. எடை கூட்டிய முன்சக்கரம், இரண்டு டிஃப்பும் பூட்டிய நிலையில், இரண்டு கற்களுக்கு நடுவே ஆப்பு வைத்தது போல் சிக்கிக்கொள்ளும்போது அதைத் திருப்புவதற்குத்தான் சர்வோ. பெட்டியோடு வரும் சர்வோக்கள் பொதுவாக இந்த வேலைக்குப் போதா. இருபத்தைந்து கிலோ திருப்பு பலமுள்ள வகையில், உலோகக் கியரும் உலோகக் கையும் உள்ளதாக, தண்ணீர் புகாததாக ஒன்று வாங்கு. ஆனால் அத்தோடு விவகாரம் முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அந்த அளவு சர்வோ திரும்ப முடியாமல் முக்கும்போது மூன்று ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.ஈ.சி., அதாவது பேட்டரியின் வோல்ட்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுக்கும் பகுதி, பெரும்பாலும் அதே மூன்று ஆம்பியர் சுமக்கத்தான் செய்யப்பட்டது. போன மாதம் என் வண்டியில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். ஊருக்கு வெளியே உள்ள பழைய குவாரி ஓரத்தில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சர்வோக் கை நடுங்கியது. ரிசீவரின் சிவப்பு விளக்கு அணைந்தது, ஒரு நொடி கழித்து மறுபடியும் எரிந்தது. அந்த ஒரு நொடியில் வண்டிக்கும் எனக்கும் தொடர்பே இல்லை. பேட்டரியில் குறையில்லை, ரிமோட்டிலும் குறையில்லை. வோல்ட்டேஜ் விழுந்து ரிசீவர் மயங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு மருந்து தனி பி.ஈ.சி. காஸில் (Castle) நிறுவனம் பத்து ஆம்பியரில் ஒன்று செய்கிறது, அது போதும். பேட்டரி ஒயரிலிருந்து நேராக அதற்கு மின்சாரம் எடுத்து, அதன் சிவப்பையும் கறுப்பையும் ஸ்டியரிங் சர்வோவுக்கு மட்டும் கொடு. ரிசீவரிலிருந்து சர்வோவுக்குச் சிக்னல் ஒயரும் கிரவுண்டும் மட்டுமே போக வேண்டும், சிவப்பு ஒயர் போகக் கூடாது. கிரவுண்டைத் துண்டித்துவிடாதே, இரண்டுக்கும் பொதுக் கிரவுண்டு இல்லாவிட்டால் சர்வோ பைத்தியம் பிடித்தது போல் ஆடும். ரிசீவரைப் பழையபடி ஈ.எஸ்.சி.யே பார்த்துக்கொள்ளட்டும். உன் வண்டிக்கு இந்தப் பிரிப்பு இன்னொரு காரணத்துக்காகவும் அவசியம்: டிஃப் பூட்டையும் கியரையும் மாற்றும் சின்ன சர்வோக்கள் ஆறு வோல்ட்டுக்கானவை. பெரிய சர்வோவுக்கு வேகம் வேண்டும் என்று ரிசீவர் முழுவதற்கும் 7.4 வோல்ட் கொடுத்தால் அவை ஒவ்வொன்றாகக் கருகும்.

இனி மோட்டார். நீ கேட்காமல் விடமாட்டாய். இப்போதிருக்கும் பிரஷ் மோட்டாரையே வைத்துக்கொள். பெட்டியோடு வந்த ஈ.எஸ்.சி.யிலேயே கிரால் மோட் உண்டு, விசையிலிருந்து விரலை எடுத்ததும் சக்கரம் பிடித்து நிற்கும். அந்தப் பிடியை இன்னும் நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க ஆசை இருந்தால் ஹாபிவிங் 1080 இருக்கிறது. எண்பது ஆம்பியர், சிறு அட்டை போன்ற புரோகிராமரைச் செருகி டிராக் பிரேக் என்னும் அந்தப் பிடியை நீயே நிர்ணயிக்கலாம், விலையும் உறைக்காது. நீ எழுதியிருக்கும் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். சுழலி எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாமலே அது கிளம்ப வேண்டியிருப்பதால், மெதுவாகத் தொடங்கும்போது தடுக்கித் தடுக்கித்தான் நகரும். பாறையின் உச்சியில் ஒரு அங்குலம் நகர வேண்டிய இடத்தில் அந்தத் தடுக்கல் உன்னைக் கீழே இறக்கிவிடும். பிரஷ்லெஸ் இல்லாமல் தூக்கம் வராது என்றால், அடுத்த வருடம் ஹாபிவிங் ஃபியூஷன் வாங்கு. மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் ஒயர் தொல்லை குறைவு, ஊர்ந்து போகும் வேகத்திலும் வழுக்கிக்கொண்டு போகும். அதிலும் 1800 கே.வி.யை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1800 சுற்றுச் சுற்றுவதை, மூன்று செல்லில் போட்டால் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்குப் பக்கம் வரும். அவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு பாறை மேல் என்ன செய்யப்போகிறாய்? 1200ஐ இரண்டு செல்லில் ஓட்டிப் பார், ஒன்பதாயிரத்தைத் தொடாது, அதுவே எனக்கு அதிகம்.

பேட்டரி விஷயத்தில் விளையாட்டில்லை, முரளி. உன் எக்ஸ்.எல்-5 ஈ.எஸ்.சி.யின் விளக்கு பச்சையாக இருந்தால்தான் குறைவோல்ட் காவல் இயங்குகிறது என்று பொருள். சிவப்பாக இருந்தால் அது லிப்போவைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடும். செல் ஒன்றுக்கு மூன்று வோல்ட்டுக்குக் கீழே போன பேட்டரியை மறுபடியும் சார்ஜ் செய்து பார்க்கலாம் என்று நினைக்காதே. பேட்டரியின் கொள்ளளவு ஐயாயிரம் எம்.ஏ.எச். என்றால் சார்ஜை ஐந்து ஆம்பியருக்கு மேல் வைக்காதே, செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் ஒயரைச் செருகாமல் தொடங்காதே, ஓட்டாத வாரங்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவை. நீ குடியிருப்பது மரச்சட்ட வீடு, நடக்கப் பழகும் குழந்தை இருக்கிறது. இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போவதாக நீ ஒரு வரியில் சாதாரணமாக எழுதியிருந்தாய். அந்த வரிக்காகத்தான் இன்று உட்கார்ந்து இவ்வளவு நீளம் எழுதுகிறேன். சிமென்ட் தரையில், நீ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடு. உப்பிய பேட்டரியைப் பார்த்தால் "இன்னும் ஒரு தடவை" என்று சொல்லாதே.

வின்ச்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். வாங்கிக்கொள், முன்னால் எடை சேரும்.

டிசம்பரில் ஊருக்கு வருகிறாய் என்று அம்மா சொன்னார்கள். எனக்கு அந்தக் காஸில் பி.ஈ.சி. இன்னொன்றும், ஹைராக்ஸ் ஒரு ஜோடியும் கொண்டு வா. இங்கே தருவிக்கப்போய்ச் சுங்கத்தில் டயரின் விலைக்கு இணையாகக் கட்டச் சொன்னார்கள். உன் வண்டியையும் எடுத்து வருவதானால் பேட்டரிகளைப் பெரிய பெட்டியில் போடாதே, உபரி லிப்போ எல்லாம் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். நூறு வாட்-அவர் வரைதான் கேள்வி கேட்காமல் விடுவார்கள். உன் மூன்று செல் ஐயாயிரம் ஐம்பத்தாறுக்குள்தான் வரும், பயப்படாதே. கூரைக் கேரியரை டென்வரிலேயே விட்டுவிட்டு வா. பதிலில் தராசு காட்டிய இரண்டு எண்களையும் எழுது, அதைப் பார்த்துத்தான் அண்ணாச்சியிடம் உன் வில்லையின் கனத்தை இறுதி செய்யச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
பாஸ்கர்