பெயர் கேட்காமல் எடுத்த படங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் தாது வருடப் பஞ்சம் குறித்து அண்மையில் வெளியான கட்டுரையை ஈடுபாட்டுடன் படித்தேன். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய், ஐதராபாத் பகுதிகளையும் வாட்டிய அந்தக் கொடும் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பதை இன்றைய தலைமுறைக்கு நினைவூட்டிய கட்டுரையாளருக்கு நன்றி. கட்டுரையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதனுடன் அரைப்பக்க அளவில் அச்சாகியிருந்த புகைப்படத்தைப் பற்றியே இந்தக் கடிதம். எலும்பும் தோலுமாகக் குழுமியிருந்த அந்த மனிதர்களின் கீழே ‘பஞ்சத்தில் அடிபட்ட மக்கள்’ என்ற மூன்று சொற்கள் மட்டுமே இருந்தன. ஸ்டூடியோவிலும் கல்யாண வீடுகளிலும் செய்தித்தாள்களுக்காக வெளியிலும் படமெடுத்தே பிழைத்தவன் நான். அந்த மூன்று சொற்கள் எனக்குப் போதவில்லை. தங்கள் வாசகர்களுக்கும் அவை போதக்கூடாது என்பது என் கருத்து.

அந்தப் பஞ்சத்தைப் பற்றி எங்கே எழுதினாலும் தவறாமல் இடம்பெறும் இந்தப் படவரிசையை எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னை ராணுவத்தின் குதிரைப்படை அதிகாரி. காலனி அரசு 1868 முதல் 1875 வரை 8 தொகுதிகளாக வெளியிட்ட இந்திய இனங்களின் படத்தொகுப்புக்குப் படங்கள் அளித்தவர். ஜார்ஜ் வெஸ்டர்ன் என்ற கால்நடை மருத்துவருடன் கூட்டுச் சேர்ந்து, புலி வேட்டையின் கட்டங்களை நாடகம்போல ஒவ்வொன்றாக அமைத்துப் படமெடுத்து விற்றவர். காட்சியை அமைப்பதில் கைதேர்ந்த ஒருவர் பஞ்சத்தையும் அதே கையால்தான் எடுத்தார் என்பதை அவருடைய படங்களை உற்றுப் பார்க்கும் எந்தப் புகைப்படக்காரரும் உடனே கண்டுகொள்வார். சிலர் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறார்கள். உட்காரவும் முடியாதவர்கள் சாய்த்துக் கிடத்தப்பட்டிருக்கிறார்கள். நிற்க முடிந்தவர்கள் பின்னால் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். விலா எலும்புகள் தெளிவாகத் தெரியும்படி உடல்கள் வெளிச்சத்தை நோக்கியிருக்கின்றன. எங்கள் தொழிலில் குடும்பப் படம் எடுக்கும்போது தாத்தா பாட்டியை நடுவில் நாற்காலியில் அமர்த்திப் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்துவோமே, அந்த ஒழுங்கு அப்படியே இங்கே பட்டினிக்குப் பயன்பட்டிருக்கிறது. அக்காலக் கண்ணாடித் தகட்டில் உருவம் கலங்காமல் பதிய வேண்டுமென்றால் எதிரே இருப்பவர்கள் அசையாமல் இருந்தாக வேண்டும். நிற்கவே வலுவில்லாத ஒருவரிடம் அசையாதே என்று சொல்லித்தான் இந்தப் படங்கள் உருவாகியிருக்கின்றன. படம் எடுத்து முடித்தபின் அவர்களுக்கு எந்த உதவியும் செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் ஹூப்பர் மீது உண்டு.

இந்த வரிசையின் படம் ஒன்றுக்கு ‘மந்தையில் எஞ்சியவை’ என்று பொருள்படும் தலைப்பு வைக்கப்பட்டது. இன்னொன்றில் இருப்பவர்கள் இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்று குறிக்கப்பட்டார்கள். ஆக, இந்தப் படங்களுக்குக் குறிப்பே இல்லாமல் போகவில்லை. குறிப்பு இருந்தது; பெயர்தான் இல்லை. அந்த மனிதர்களின் ஊர், தொழில், யாரை இழந்து எத்தனை நாள் நடந்து சென்னை வந்து சேர்ந்தார்கள் என்ற விவரம், எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நம்மால் அவற்றைத் தேடிச் சேர்க்க இயலாது என்பதை அறிவேன். ஆனால் படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்றவற்றைச் சொல்ல இயலும். மழை பொய்த்தது உண்மை. அதே காலத்தில் நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்ததும் உண்மை. பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் நிர்ணயித்த கூலியின்படி, நிவாரண வேலைத்தலத்தில் நாள் முழுக்க உழைத்த ஓர் ஆணுக்குக் கிடைத்தது ஒரு ராத்தல், அதாவது அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவான, தானியமும் ஓர் அணாவும். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதிலும் குறைவு. அது உயிர் வாழப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். வெறுந்தரையும் வெளிச்சமும் உடல்களும் மட்டுமே நிறைந்த ஹூப்பரின் படத்தில் இவற்றுக்கு இடமில்லை. அதனால் அந்தப் படத்தைத் தனியே பார்ப்பவருக்குப் பஞ்சம் வானத்திலிருந்து இறங்கியதாகவே தோன்றும். கட்டுரையைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும் வாசகர்கள் நிறைய உண்டு என்பதைத் தாங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஹூப்பரின் பிற்கால வாழ்க்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1886இல் மாண்டலேயில், பர்மியப் படையெடுப்பில் ராணுவக் காவல் தலைவராக இருந்தபோது, கொள்ளையர் என்று பிடிபட்டவர்களைச் சுட்டுக்கொல்லும் இடத்தில் கேமராவை நிறுத்தினார். குண்டு பாயும் கணத்தைப் பதிவதற்காகச் சுடும் உத்தரவைத் தாமதப்படுத்தினார் என்ற செய்தி லண்டனை எட்டிப் பெரும் கண்டனம் எழுந்தது. விசாரணை நடந்து அவர் கண்டிக்கப்பட்டார். சிறிது காலம் ஊதியமும் குறைக்கப்பட்டது. ஆயினும் அவருடைய பஞ்சப் படங்களைக் கிழித்துப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பேரழிவைக் கண்ணால் காண நமக்கு இருக்கும் வழிகளில் அவை முக்கியமானவை. எடுத்தவரின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டிய படங்கள் அவை, அவ்வளவுதான்.

நல்ல மனத்துடன் எடுத்த படங்களிலும் இதே குறை நேர்ந்திருப்பதால்தான் இது ஹூப்பர் என்ற ஒருவரோடு முடியவில்லை. அமெரிக்காவின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், 1936 மார்ச் மாதம், கலிபோர்னியாவின் நிபோமோ என்ற இடத்தில் பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்களின் முகாமில் டோரதியா லாங் எடுத்த ஏழைத் தாயின் படத்தை அறியாத புகைப்படக்காரர் இருக்க மாட்டார். முகாமின் பெயர்ப்பலகையைக் கடந்து 20 மைல் சென்றுவிட்டவர், மனம் கேளாமல் திரும்பி வந்து, சுமார் 10 நிமிடங்களில் சில படங்களை மட்டும் எடுத்தார் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்ணின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்றும் அதே கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார். இதில் என்னை வருத்துவது, லாங் படக்குறிப்பை அலட்சியம் செய்தவர் அல்லர் என்பதே. தாம் சந்தித்த குடியானவர்களின் பேச்சை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துவைத்துப் படத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று பாடுபட்டவர் அவர். அப்படிப்பட்டவரின் வாழ்நாளில் மிகவும் புகழ்பெற்ற படத்துக்கே பெயர் இல்லாமல் போயிற்று. படம் செய்தித்தாளில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவுப் பொருள் அனுப்பியது; அதற்குள் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது. அந்தப் பெண் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான், ஓர் உள்ளூர் செய்தியாளரின் முயற்சியால், உலகுக்குத் தெரிந்தது. தம்மைப் படமெடுத்திருக்கவே வேண்டாம் என்று அவர் வருந்தினார்; பெயரைக்கூடக் கேட்கவில்லை, ஒரு பிரதியாவது அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டார். அவர் செரோக்கி பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதும் அதன் பிறகே பொதுவாகப் பேசப்பட்டது. 40 ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாடே தன் வறுமைக்கு அடையாளமாக வைத்துப் பார்த்த முகம், தன்னைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்ல வழியின்றி இருந்திருக்கிறது.

நம் கடற்கரைக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் அர்கோ தத்தா எடுத்த படம், அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. மணலில் கவிழ்ந்து, கைகளை விரித்துக் கதறும் ஒரு பெண். இறந்த உறவினரின் கை மட்டும் ஓர் ஓரத்தில் தெரியும். இறந்த முகத்தைக் காட்டாமல் இழப்பின் முழு கனத்தையும் காட்டிய அந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். கூட்டமும் அழுகையும் சூழ்ந்த நிலையில் எங்கே நிற்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் உலகெங்கும் அந்தப் படத்துடன் போன குறிப்பு, ஒரு பெண் தன் உறவினரை இழந்து அழுகிறார் என்ற அளவிலேயே நின்றது. அந்தக் கடற்கரைகளில் அந்த வாரம் எடுக்கப்பட்ட எண்ணற்ற படங்களின் நிலையும் அதுவே. ‘கதறும் தாய்’, ‘தவிக்கும் முதியவர்’ என்று நம் பத்திரிகைகளும் அச்சிட்டன. அந்த ஊர்களில் தமிழ் பேசும் புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். கேட்டிருந்தால் பெயர் சொல்ல அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் அறிவேன். துயரத்தில் இருப்பவரிடம் போய் உன் பெயர் என்ன என்று கேட்பது கொடுமை என்பார்கள். கேட்காமல் முகத்தை எடுத்துக்கொண்டு போவது எப்படிக் கருணையாகும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அழுது ஓயும்வரை கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாக நின்று, உறவினர் ஒருவரிடம் மெல்லப் பேசி, எந்தப் பத்திரிகைக்கு எடுத்தோம் என்று சொல்வதற்கு அரை மணி நேரம் ஆகலாம். அந்த அரை மணி நேரமும் தொழிலின் ஒரு பகுதிதான். பொத்தானை அழுத்தும் நொடியோடு படம் முடிந்துவிடுவதில்லை. பெயரை வெளியிடக் கூடாத இடங்களும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களின் அடையாளத்தை வெளியிடுவதைப் பாரதிய நியாயச் சட்டத்தின் 72ஆவது பிரிவு தடுக்கிறது. குழந்தைகளுக்குப் போக்சோ சட்டமும் இளஞ்சிறார் நீதிச் சட்டமும் பாதுகாப்பு அளிக்கின்றன. சாதி வன்முறையில் பிழைத்தவரின் பெயரை அச்சிடுவதே அவருக்கு ஆபத்தாக முடியலாம். அப்போது பெயர் விடப்பட்டது என்பதைக் குறிப்பில் சொல்லலாமே. கேட்டறிந்து விடுவதும் கேட்காமலே விடுவதும் வாசகரின் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், படத்தில் இருப்பவருக்கு ஒன்றல்ல.

பெயரும் சம்மதமும் பெற்று எடுத்த படத்திலும் நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. ஜப்பானின் மினமாட்டாவில், ஆலைக் கழிவின் பாதரசத்தால் தாயின் கருவிலேயே முடமான தோமோகோ என்ற பெண்ணை அவருடைய தாய் குளிப்பாட்டும் காட்சியை, 1971 டிசம்பரில் அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித் அந்தக் குடும்பத்தின் ஒப்புதலோடு எடுத்தார். வந்தோம், எடுத்தோம், போனோம் என்று இல்லாமல் அவரும் அவர் மனைவி அய்லீனும் அந்த ஊரிலேயே சுமார் மூன்று ஆண்டுகள் தங்கி வாழ்ந்தவர்கள். தோமோகோ 1977இல் இறந்தார். மகள் இனியாவது ஓய்வெடுக்கட்டும் என்ற பெற்றோரின் விருப்பத்தை ஏற்று, 1998இல் அய்லீன் ஸ்மித் அந்தப் படத்தைப் பயன்படுத்துவது பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன்பின் நெடுங்காலம் அது புதிதாக எங்கும் அச்சாகவில்லை. உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்று எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் படம் அது. அதை விட்டுக்கொடுத்தது அந்தக் கலைக்கு இழப்பு என்று வாதிடும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை.

தங்களிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. தாது வருடப் பஞ்சத்தின் படத்தை மீண்டும் அச்சிடும்போது, எடுத்தவர் வி. வா. ஹூப்பர் என்றும், ஆட்கள் அவரால் வரிசைப்படுத்தி அமர்த்தப்பட்டவர்கள் என்றும், அவர்களுடைய பெயர்கள் பதியப்படவில்லை என்றும் மூன்று வரி சேர்க்க வேண்டும். இன்று எடுக்கப்படும் வெள்ளம், புயல், விபத்து, போராட்டப் படங்களில் ஒருவருடைய முகம் அடையாளம் தெரியும் அளவுக்கு இருந்தால், அவர் பெயரோ, பெயர் விடப்பட்டதன் காரணமோ இல்லாமல் படத்தைப் பக்க வடிவமைப்புக்கு அனுப்புவதில்லை என்று ஆசிரியர் குழு முடிவெடுக்க வேண்டும். மாவட்டங்களில் படத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் பகுதி நேரப் புகைப்படக்காரர்களே பெரும்பாலான படங்களை அனுப்புகிறார்கள். படத்தை முதலில் அனுப்புபவருக்கே இடம் என்ற நிலை இருக்கும்வரை அவர்கள் நின்று பெயர் கேட்க மாட்டார்கள். கேட்கும்படி அவர்களை நிந்திப்பதைவிட, முழுக் குறிப்போடு வரும் படத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது பயன் தரும். கடைசியாக ஒரு தொழில்நுட்ப விவரம். எடுத்தவர் பெயர், இடம், நாள், படத்தில் இருப்பவர் பற்றிய குறிப்பு ஆகியவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் வசதி நெடுநாளாக இருக்கிறது. மெட்டாடேட்டா என்று நாங்கள் சொல்வது அதைத்தான். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணப் படமாக அனுப்பும்போதும், இணையதளத்துக்காக அளவைக் குறைக்கும்போதும் அது பெரும்பாலும் அழிந்துபோகிறது. மாவட்டச் செய்தியாளர்கள் படத்தை மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ அனுப்பவும், தங்கள் இணையப் பிரிவினர் அந்தக் குறிப்பை அழிக்காமல் பதிவேற்றவும் ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
புகைப்படக் கலைஞர்,
சிதம்பரம்.